பாட்டு, ஆட்டம், குக்கீ மாவு: அமெரிக்கப் பள்ளி ஷோ கொயரின் வரவு செலவு

அமெரிக்காவில் அரசுப் பள்ளிப் படிப்பு இலவசம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளிச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதே பள்ளியின் ஷோ கொயரில், அதாவது பாடிக்கொண்டே ஆடும் மாணவர் குழுவில், பிள்ளை தேர்வானால் வீட்டுக்கு ஒரு தாள் வரும். வருடத்துக்குச் சில நூறு டாலர், பெரிய குழுக்களில் ஆயிரத்தைத் தாண்டியும் கட்டச் சொல்லியிருக்கும். கட்டியதோடு விட மாட்டார்கள். பூஸ்டர் கிளப் என்ற பெற்றோர் அமைப்பின் கூட்டத்துக்கு வாருங்கள், பணம் திரட்ட விற்கும் குக்கீ மாவுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுங்கள், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பள்ளி உணவுக்கூடத்தில் நாச்சோ தட்டு நிரப்புங்கள் என்று பட்டியல் நீளும். இலவசப் பள்ளிக்குள் இவ்வளவு பணம் ஏன் புழங்குகிறது, அதை யாரிடம் எந்தப் பெயரில் கேட்கலாம் என்பது வெறும் கணக்கு வழக்கு அல்ல. நீதிமன்றம் வரை போன விவகாரம் அது.

ஷோ கொயரைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்பது, ஐம்பது பிள்ளைகள் ஜிகினா உடையில் படிகளாக அமைந்த மேடையில் நின்று பல குரல்களில் பாடுவார்கள், பாடிக்கொண்டே ஆடுவார்கள். பக்கத்தில் டிரம்ஸ், கிட்டார், டிரம்பெட் என்று ஒரு வாத்தியக் குழு நேரடியாக வாசிக்கும். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் நாலைந்து பாட்டு. நடுவில் ஒன்று ஆட்டமே இல்லாத மெல்லிய பாட்டாக இருக்கும், அதற்கு முன்போ பின்போ உடை மாறும். 2009 முதல் 2015 வரை ஓடிய ‘க்ளீ’ தொலைக்காட்சித் தொடர் இந்த உலகத்தைத்தான் கதைக்களமாக எடுத்துக்கொண்டது. இண்டியானா, ஒஹாயோ, அயோவா, இல்லினாய் என்று மத்திய மேற்கு மாநிலங்களில் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மிசிசிப்பியில் கிளிண்டன் ஊர்ப் பள்ளியின் ‘அட்டாஷே’ குழுவும், கலிஃபோர்னியாவில் பர்பாங்க் நகரின் இரண்டு பள்ளிகளும் நாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள்.

1962இல் கலிஃபோர்னியாவில் மில்ட்டன் ஆண்டர்சன் தொடங்கிய ‘தி யங் அமெரிக்கன்ஸ்’ என்ற இளைஞர் குழுதான் பாடுவதையும் ஆடுவதையும் ஒரே ஆள் செய்யும் பாணியைப் பிரபலமாக்கியது. பள்ளிகள் அதைப் பார்த்து ‘ஸ்விங் கொயர்’ என்று சின்னச் சின்னக் குழுக்களை ஆரம்பித்தன. ஒரே மாதிரி சட்டை, கொஞ்சம் கையசைவு, பியானோ, அவ்வளவுதான். 1970களின் நடுவில் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பிஷப் லூயர்ஸ் பள்ளி போட்டி நடத்தத் தொடங்கியது. அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது. போட்டி என்று வந்தால் நடுவர் வருவார். நடுவர் வந்தால் குரலுக்கு இத்தனை, காட்சிக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். காட்சிக்கு மதிப்பெண் உண்டு என்றால் உடைக்கும் மேடைக்கும் விளக்குக்கும் செலவழிக்காமல் யார் இருப்பார்கள்? இன்றைய ஷோ கொயர் செலவின் மூலகாரணம் இதுதான் என்பது என் கணிப்பு. கலை ஆசை ஒரு பங்கு என்றால் மதிப்பெண் தாள் மூன்று பங்கு.

பள்ளி எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை என்று பார்க்கலாம். ஆசிரியரின் சம்பளம், ஒத்திகை அறை, பியானோ, மின்சாரம் இவை பள்ளி மாவட்டத்தின் செலவு. பல ஊர்களில் கொயர் பாடத்திட்டத்தில் உள்ள வகுப்பு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அந்தப் பகுதி பள்ளியின் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும். அமெரிக்கப் பள்ளிகளின் வருமானம் பெரும்பாலும் ஊர்ச் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் வருகிறது. அது ஆசிரியர் சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் பேருந்துக்குமே இழுத்துப் பிடித்துத்தான் வரும். ‘கொயர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஷோ’ என்று ஒன்று சேர்கிறதே, அந்தச் சேர்க்கை முழுக்கப் பெற்றோர் தலையில்தான்.

அந்தச் சேர்க்கையில் என்னென்ன இருக்கிறது? கோடை விடுமுறை முடியும் தருவாயில், பெரும்பாலும் ஆகஸ்டில், வெளியூரிலிருந்து ஒரு டான்ஸ் மாஸ்டர் வந்து இறங்குவார். நாலைந்து நாள் காலை முதல் மாலை வரை முகாம். போட்டி நெருங்கும்போது ஆட்டத்தைச் சீர்செய்ய இன்னொரு தடவை வருவார். அவர் ஊதியம், விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் குழுவுடையது. பாடல்களை அப்படியே கடையில் வாங்கிப் பாட முடியாது. இந்தக் குழுவின் குரல்வளத்துக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ப வெட்டி ஒட்டி எழுதிக் கொடுக்க ஒரு இசைக்கோர்ப்பாளர் வேண்டும். பிறருடைய பாட்டை மாற்றி எழுதுவதற்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கட்ட வேண்டும். அப்புறம் உடை. ஒரு பிள்ளைக்கு இரண்டு செட், சில குழுக்களில் மூன்று. பெண்களுக்குத் தனி நடனக் காலணி, ஆண்களுக்குத் தனிக் காலணி. மேடைப் பின்னணி, அதை ஏற்றிப் போக ஒரு டிரக். வாத்தியக் குழுவில் மாணவர்களோடு கூலிக்கு வாசிக்கும் ஓரிரு கலைஞர்கள். போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பேருந்து வாடகை. சில வருடங்களுக்கு ஒரு முறை ஆர்லாண்டோவுக்கோ நாஷ்வில்லுக்கோ பெரிய பயணம் வந்தால் அதற்குத் தனிப் பணம்.

இதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல, நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். குழுவில் 50 பேர். உடைக்குத் தலைக்கு 350 டாலர், ஆக 17,500. ஆட்டம் கற்றுத்தர 8,000. இசைக்கோர்ப்பும் பாடல் உரிமையும் 7,000. வாத்தியக்காரர்கள், ஒலி, மேடைப் பொருள் 6,500. பேருந்து 9,000. நுழைவுக் கட்டணம் 2,000. கூட்டினால் 50,000 டாலர், தலைக்கு ஆயிரம். இதை அப்படியே பெற்றோரிடம் கேட்டால் பாதிப் பேர் பிள்ளையை வேறு எதிலாவது சேர்த்துவிடுவார்கள். அதனால் கட்டணத்தை 600 என்று வைக்கிறார்கள். ஆறு குடும்பங்களுக்கு விலக்கு தருகிறார்கள் என்று கொள்வோம். மீதி 44 பேர் கட்டுவது 26,400. இன்னும் 23,600 டாலர் வேண்டும். இந்த ஓட்டையை அடைப்பதுதான் பூஸ்டர் கிளப்பின் வேலை.

பூஸ்டர் கிளப் என்பது பெற்றோர் நடத்தும் லாபநோக்கமற்ற அமைப்பு. பள்ளியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் சட்டப்படி பள்ளியின் அங்கம் அல்ல. தனி வங்கிக் கணக்கு, தனித் தலைவர், தனிப் பொருளாளர். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் அறநிலை அந்தஸ்து வாங்கி வைத்திருப்பார்கள். அதனால் அமைப்பு வரி கட்ட வேண்டாம், நன்கொடை கொடுப்பவர் அதைத் தன் வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை சேர்வதற்காகக் கட்டும் கட்டணம் நன்கொடை ஆகாது, பதிலுக்கு உடையும் பயணமும் கிடைத்துவிடுகிறதே. இந்தக் கோட்டைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைப்பது எப்போதும் திண்டாட்டம்தான். கிடைத்த ஒருவரிடமே காசோலைப் புத்தகம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு ஏமாந்த பூஸ்டர் கிளப்புகளும் உண்டு. இரண்டு பேர் கையெழுத்து, மாதா மாதம் வங்கி அறிக்கையை மூன்றாவது ஆள் பார்ப்பது என்ற விதிகள் அனுபவத்தில் வந்தவை.

பணம் திரட்டும் வழிகளில் ராஜா, போட்டி நடத்துவது. ஜனவரி முதல் மார்ச் வரை சனிக்கிழமை தோறும் எங்காவது ஒரு பள்ளி மற்றப் பள்ளிகளை அழைத்துப் போட்டி வைக்கும். விடிவதற்குள் பேருந்துகள் வந்து நிற்க ஆரம்பிக்கும். வரும் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பறை. கணக்கு வகுப்பின் கரும்பலகைக்குக் கீழே உடைப் பைகள் குவிந்து கிடக்கும், ஹேர் ஸ்ப்ரே வாசனை நடைபாதை வரை வரும். நடத்தும் பள்ளியின் மாணவர் ஒருவர் கையில் அட்டையோடு அந்தக் குழுவுக்கு வழிகாட்டியாக நாள் முழுக்கக் கூடவே ஓடுவார். வாசலில் நுழைவுக்கு மணிக்கட்டுப் பட்டை, பக்கத்தில் நிகழ்ச்சி மலர், அடுத்த மேசையில் டி-ஷர்ட். மேடையேறப் போகும் பிள்ளைக்கு இரண்டு டாலர் கொடுத்து வாழ்த்துச் சீட்டோடு மிட்டாய் அனுப்பலாம். உணவுக்கூடத்தில் சிப்ஸ் பாக்கெட்டைக் குறுக்கே கிழித்து அதற்குள்ளேயே இறைச்சியும் சீஸும் போட்டுக் கொடுக்கும் ‘வாக்கிங் டாக்கோ’. பகலில் முதல் சுற்று, இரவில் ஐந்தாறு குழுக்கள் மோதும் இறுதிச் சுற்று, பரிசளிப்பு முடிய நள்ளிரவாகும். அதற்குள் அலுவலகத்தின் பின்னறையில் இரண்டு பெற்றோர் ரப்பர் பேண்ட் போட்டு நோட்டுக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இதில் செலவும் உண்டு. நடுவர்களுக்கு ஊதியம், கோப்பைகள், ஒலி ஒளி வாடகை. ஆனால் பெரிய செலவான ஆள் கூலி சுத்தமாக இல்லை. நூறு பெற்றோர் ஒரு நாள் முழுக்க இலவசமாக உழைக்கிறார்கள். லாபம் அங்கேதான் பிறக்கிறது. நம் மாதிரிக் கணக்கில் போட்டியில் 15,000 டாலர் மிஞ்சியது என்று வைத்துக்கொண்டால் அது டிக்கெட் விற்ற லாபம் என்பதைவிட அந்த நூறு பேரின் கூலி என்பதே பொருத்தம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிக்கெட் வாங்கி உள்ளே வருபவர்கள் யார்? பெரும்பாலும் வந்திருக்கும் குழுக்களின் அப்பா அம்மா, தாத்தா பாட்டி. இந்த வாரம் கிழக்கு ஊர்ப் பெற்றோர் மேற்கு ஊர்ப் பள்ளியில் காசு கொடுப்பார்கள், அடுத்த வாரம் மேற்கு ஊர்க்காரர்கள் இங்கே வந்து கொடுப்பார்கள். நம் ஊர் மொய் மாதிரிதான். எல்லோரும் எல்லோருக்கும் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள், யாருக்கு விசேஷமோ அன்று மட்டும் கை நிறையும். அரங்கம் பெரிதாக உள்ள, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிற, ஏற்கெனவே பெயர் வாங்கிய பள்ளிதான் போட்டி நடத்த முடியும். முந்நூறு இருக்கை அரங்கம் வைத்திருக்கும் சின்ன ஊர்ப் பள்ளி வருடா வருடம் மொய் வைக்கும், விசேஷம் வைக்க வழி இருக்காது.

மிச்சம் 8,600 டாலர். இங்கேதான் குக்கீ மாவு வருகிறது. சாக்லேட், உறைய வைத்த பேஸ்ட்ரி, கிறிஸ்துமஸ் மலர்ச்செடி, தோட்டத்துக்குப் போடும் மரத்தூள் என்று மாநிலத்துக்கு ஒரு சரக்கு. ஷோரூமைப் போல மெத்தைகளைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பரப்பி வைத்து ஞாயிற்றுக்கிழமை மெத்தை விற்கும் குழுக்கள்கூட உண்டு. சாதாரணமாக இந்த மாதிரி விற்பனையில் குழுவுக்கு மிஞ்சுவது விலையில் 40, 50 விழுக்காடு. நாற்பது என்று வைத்தால் 8,600 டாலர் கிடைக்க 21,500 டாலருக்கு விற்க வேண்டும். தலைக்கு 430 டாலர் சரக்கு. ஒரு டப்பா இருபது டாலர் என்றாலும் இருபதுக்கு மேல் டப்பா. அதை விற்காமல் ஐம்பது குடும்பமும் நேராக 172 டாலர் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அப்புறம் ஏன் இந்தச் சுற்றுவழி? 172 டாலர் அம்மாவின் பையிலிருந்து போகும். 430 டாலர் பக்கத்து வீட்டுக்காரர், அத்தை, அப்பாவின் அலுவலக நண்பர்கள் பையிலிருந்து வரும். பெற்றோரின் பார்வையில் இது நியாயமான கணக்கு. ஆனால் அலுவலகத்தில் முப்பது பேருக்கு ஆர்டர் தாளை நீட்டக்கூடிய அப்பாவும், இரவு ஷிஃப்டில் கிடங்கில் தனியாக நிற்கும் அப்பாவும் ஒன்றல்லவே. இணையத்தில் திரட்டினால் மாவு சுமக்க வேண்டாம்தான், ஆனால் அங்கும் தரகு உண்டு. பள்ளிக் குழுக்களிடையே பெயர் பெற்ற ‘ஸ்னாப் ரெய்ஸ்’ போன்ற தளம் திரட்டிய தொகையில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். பிள்ளையிடம் இருபது மின்னஞ்சல் முகவரி வாங்கி உறவினர்களுக்குக் கோரிக்கை அனுப்புவதுதான் முறை. முகவரிப் பட்டியல் நீளமாக உள்ள வீட்டுக்கு அதிலும் அனுகூலம்.

குழுவின் தொழிலோடு ஒட்டிய வழிகள்தான் என் பார்வையில் மேல். ஒரு சனிக்கிழமை ஆரம்பப் பள்ளிச் சிறுமிகளையும் சிறுவர்களையும் கூப்பிட்டு ஒரு பாட்டும் ஆட்டமும் கற்றுக் கொடுத்து, மாலைக் கச்சேரியில் மேடையேற்றுவார்கள். அதற்கு ஒரு கட்டணம், டி-ஷர்ட் இலவசம். எழுபது குட்டிகள் ஆடினால் அவர்கள் வீட்டார் டிக்கெட் வாங்கி அரங்கத்தை நிரப்பிவிடுவார்கள். பத்து வருடம் கழித்து அந்தக் குட்டிகளில் சிலர் இதே குழுவுக்கு ஆடிஷன் கொடுக்கவும் வருவார்கள். காதலர் தினத்தன்று நான்கு பேர் வகுப்பறைக்குள் போய்ப் பாடிவிட்டு வரும் ‘சிங்கிங் வேலன்டைன்’னும் அப்படித்தான். முதலீடே கிடையாது.

சரி, கட்டணம் வாங்கவே சட்டத்தில் இடம் உண்டா? மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு. கலிஃபோர்னியாவில் 1978இல் சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்ட 13ஆம் முன்மொழிவு வந்த பிறகு பள்ளிகள் பணத்துக்குத் திணறின. சான்டா பார்பரா பள்ளி மாவட்டம் நாடகம், கொயர், இசைக்குழு, விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் கட்டணம் வைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு விலக்கும் கொடுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1984இல் ‘ஹார்ட்ஸெல் எதிர் கானெல்’ தீர்ப்பில் அந்தக் கட்டணம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாடவேளைக்கு வெளியே நடந்தாலும் அது கல்விதான், அரசியல் சட்டம் இலவசப் பள்ளி என்கிறது, ஏழைக்கு விலக்கு கொடுத்தாலும் கட்டணம் கட்டணம்தான் என்பது அதன் சாரம்.

அவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் பள்ளிகள் வாங்கிக்கொண்டே இருந்தன. 2010இல் குடிமை உரிமை அமைப்பான ஏசிஎல்யூ வழக்குப் போட்டது. 2012இல் மாநிலம் புதிய சட்டம் இயற்றி, 2013 ஜனவரி முதல் பெற்றோர் பெயர் சொல்லாமலேயே புகார் கொடுக்கலாம், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்தது. நன்கொடை கேட்கத் தடை இல்லை. அதனால் கலிஃபோர்னியக் கொயர்களின் தாளில் ‘கட்டணம்’ என்ற சொல் மறைந்து ‘ஒரு மாணவருக்கு எதிர்பார்க்கப்படும் பங்களிப்பு’ வந்தது. தராவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம் என்று கீழே ஒரு வரி. அந்த வரியை எவ்வளவு சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே அந்தக் குழுவின் நிதி நிலைமையை ஊகித்துவிடலாம்.

இண்டியானா வேறு மாதிரி. அங்கே எவன்ஸ்வில் பள்ளி மாவட்டம் எல்லா மாணவர்களிடமும் கட்டாயமாக 20 டாலர் வாங்கியதை 2006இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் பாடத்துக்கு வெளியே விரும்பிச் சேரும் செயல்பாட்டுக்கு, சேர்ந்தவரிடம் மட்டும் கட்டணம் வாங்கும் கதவை அது அடைக்கவில்லை. ஷோ கொயரின் கோட்டையான இண்டியானாவில் கட்டணத் தாள் கூச்சமில்லாமல் வெளிப்படையாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு விதத்தில் அது நேர்மையாகவும் இருக்கிறது. எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். கலிஃபோர்னியாவில் கொடுக்காதவர் யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பூஸ்டர் கிளப் பணம் கொடுக்கிறது என்பதாலேயே வம்பும் அதன் வாசலுக்கு வரும். பர்பாங்க் உயர்நிலைப் பள்ளிக் கொயர், ஒலிவியா நியூட்டன்-ஜானின் ‘மேஜிக்’ உட்பட நான்கு பாடல்களை உரிய அனுமதி இல்லாமல் பயன்படுத்தியது என்று ட்ரெசோனா என்ற உரிமம் வழங்கும் நிறுவனம் 2016இல் வழக்குப் போட்டது. இழுக்கப்பட்டவர்களில் கொயர் ஆசிரியரும் உண்டு, பெற்றோர் அமைப்பும் உண்டு. மூன்று பாடல்களில் வழக்குப் போட அந்த நிறுவனத்துக்கே தகுதி இல்லை என்று ஆனது. மிஞ்சிய ‘மேஜிக்’ நிகழ்ச்சியில் சுமார் 20 வினாடிதான். 2020 மார்ச்சில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி வாங்காமலே பயன்படுத்தச் சட்டம் இடம் தரும் வகை, என்று ஏற்றது. பள்ளித் தரப்பின் வழக்கறிஞர் செலவையும் நிறுவனமே தர வேண்டும் என்றது. பெற்றோருக்கு நிம்மதிதான். ஆனால் குக்கீ மாவு விற்றுச் சேர்க்கும் ஒரு சங்கம் நான்கு வருடம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்த மற்ற குழுக்கள் உரிமத் தொகையைப் பேசாமல் கட்டிவிடுவதே மேல் என்று நினைத்தால் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பெற்றோர் கூட்டங்களில் அதிகம் சண்டை நடப்பதும் அதைப் பற்றித்தான். யார் விற்ற லாபம் யாருக்கு? என் மகள் முப்பது டப்பா விற்றாள், அந்த லாபத்தை அவள் கட்டணத்தில் கழியுங்கள் என்பார் ஒருவர். காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது. உழைத்தவருக்குப் பலன். பல ஆண்டுகளாகப் பல கிளப்புகள் பிள்ளைவாரியாகப் பேரேடு வைத்து அப்படித்தான் வரவு வைத்தன.

வரித்துறைக்கு அது பிடிக்கவில்லை. வர்ஜீனியாவில் ‘கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப்’ என்ற அமைப்பு விற்றவர்களின் கட்டணத்தில் மட்டும் லாபத்தைக் கழித்தது, விற்காதவர்கள் முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டினார்கள். வரித்துறை அதன் அறநிலை அந்தஸ்தைப் பறித்தது. 2013இல் அமெரிக்க வரி நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லாபம் குழுவுக்குப் போகாமல் குறிப்பிட்ட குடும்பங்களின் பைக்குப் போகிறது, இது தர்மம் அல்ல, தனிப்பட்ட ஆதாயம் என்பது தீர்ப்பின் சாரம். அது ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பைப் பற்றிய வழக்கு என்றாலும் கொயர், இசைக்குழு, கால்பந்து என்று எல்லாப் பூஸ்டர் கிளப்புக்கும் அந்தச் சூடு தெரிந்தது.

இப்போது ஒழுங்காக நடக்கும் கிளப்புகளில் திரட்டிய பணம் பொதுப் பானையில் விழுகிறது, அதைக் கொண்டு எல்லோருடைய கட்டணமும் ஒரே அளவில் குறைகிறது. நம் கணக்கில் ஆயிரமாக இருந்தது அறுநூறானது அப்படித்தான். உடனே எதிர்ப்பக்கத்துப் பேச்சு கிளம்பும். நான் ஏன் விற்க வேண்டும், விற்காத வீட்டுக்கும் அதே தள்ளுபடிதானே என்று. விற்பனை குறையும், அடுத்த வருடம் கட்டணம் ஏறும். தனிக்கணக்கு முறையில் விற்பனை அதிகம், பொதுப் பானை முறையில் நியாயம் அதிகம். நான் பொதுப் பானைப் பக்கம்தான். மேடையில் ஐம்பது பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், உடையின் விலை ஆளுக்கு ஆள் மாறினால் அதைக் குழு என்று எப்படிச் சொல்வது?

விலக்கு விஷயத்துக்கு வருவோம். பள்ளியில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற குடும்பம் என்றால் கட்டணத்தில் பாதியோ முழுதோ விட்டுக் கொடுப்பது பரவலான வழக்கம். பூஸ்டர் கிளப்பே ஒரு உதவித்தொகை நிதி வைத்திருக்கும். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மாதத் தவணையாகக் கட்டவும் விடுவார்கள். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் விலக்குக்கு விண்ணப்பிக்க ஆசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது சின்ன வேலை இல்லை. விலக்கு கட்டணத்துக்குத்தான். காலணி, ஒப்பனை, காலுறை, குழுவின் பெயர் போட்ட ஜாக்கெட், போட்டி நாள் சாப்பாடு, அப்பா அம்மா உள்ளே வர டிக்கெட் எல்லாம் அதற்கு வெளியே. போட்டிக்குப் பின் நள்ளிரவில் பள்ளி வாசலில் இறங்கும் பிள்ளையைக் கூட்டிவர ஒரு காரும் தூக்கம் கெட்ட ஒரு ஆளும் வேண்டும்.

குழுவில் இருப்பவர்களின் கணக்கைப் பொருளாளர் பைசா சுத்தமாக வைத்திருப்பார். தாளில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டு ஆடிஷனுக்கே வராமல் போன பிள்ளை எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஆறு பேருக்கு விலக்கு கொடுத்தோம் என்று கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். கேட்காமலே போனவர்கள் ஆறா, இருபதா? யாரும் எண்ணுவதில்லை, எண்ண வழியும் இல்லை.

வரவைப் பெருக்கப் பாடுபடுகிற அளவுக்குச் செலவைக் குறைக்க யாரும் பாடுபடுவதில்லை என்பது வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. வழிகள் இல்லாமல் இல்லை. உடையைப் பிள்ளைக்கு விற்காமல் பள்ளியே வாங்கி வைத்து வருடா வருடம் வாடகைக்குத் தரலாம், பல குழுக்கள் அப்படிச் செய்கின்றன. ஒரு பருவம் ஆடி முடித்த உடையை மொத்தமாக இன்னொரு மாநிலத்துப் பள்ளிக்கு விற்கிறார்கள், அந்தச் சந்தை சுறுசுறுப்பாகவே இருக்கிறது. ஐந்து போட்டிக்குப் பதில் மூன்று, அதுவும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள். நாடறிந்த டான்ஸ் மாஸ்டருக்குப் பதில், ஐந்து வருடம் முன்பு இதே குழுவில் ஆடிய பழைய மாணவி. ஆனால் போட்டியில் பக்கத்துப் பள்ளி புதுப் பின்னணியோடு வந்து நின்றால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சிக்கனம் எல்லாம் காற்றில் போய்விடும். செலவைக் குறைப்போம் என்று சொல்லும் தலைவருக்கு மறுவருடம் வாக்கு விழாது.

சில ஆசிரியர்கள் தாளின் வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். வசந்த காலத்தில் ஆடிஷன் அறிவிப்பு போகும்போது முதல் பக்கத்தில் ஒத்திகை நாட்கள், தேர்வாக என்ன பாட வேண்டும் என்ற விவரம் மட்டும். பணத்துக்காக யாரும் ஆடிஷனைத் தவிர்க்க வேண்டாம் என்ற வரி அதிலேயே பெரிய எழுத்தில். தொகையும் தவணையும் விலக்குப் படிவமும் தேர்வான பிறகு ஒரே உறைக்குள், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி. விலக்குப் படிவம் ஆசிரியரிடம் வராமல் பள்ளி அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் போகும். கேட்டது யார் என்று கொயர் ஆசிரியருக்கே தெரியாது. கட்ட வேண்டிய தொகையைத் தெரியாமல் ஆடிஷனுக்கு வரச் சொல்வது ஏமாற்று என்று இதற்கும் ஆட்சேபம் சொல்லும் பெற்றோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அதனால் தொகையையும் விலக்கையும் ஒரே வரியில், ஒரே எழுத்தளவில் முதல் பக்கத்திலேயே அச்சடிக்கிற பள்ளிகளும் இருக்கின்றன.